முதல் லோடு

திங்கட்கிழமை காலை ஒபேலியா அரெயானோ பத்திரிகை அலுவலகத்துக்குள் வந்தபோது அங்கே வேலை பார்க்கும் டாட்டி தொலைபேசியில் யாரிடமோ தேவாலய விருந்துக்கு என்ன சமையல் என்று கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள். ஒபேலியாவைக் கண்டதும் போனை வைத்துவிட்டாள். பேசிக்கொண்டிருந்தவரிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. ஊரில் எல்லோரும் இப்போது ஒபேலியாவைக் கண்டால் கையிலிருப்பதைக் கீழே வைத்தார்கள்.

"உக்காரும்மா. காப்பி குடிக்கிறியா? இப்பத்தான் போட்டேன், குடிக்கிற மாதிரிதான் இருக்கு."

"வேணாம் டாட்டி. நன்றி அறிவிப்பு எழுதிட்டு வந்தேன். பொண்ணுதான் இங்கிலீஷைத் திருத்திக் குடுத்தா. இந்த வாரமே வந்துடுமா?"

"வராம?" டாட்டி அந்தத் தாளை வாங்கி, படிக்காமல், தட்டச்சுப் பலகைக்கு அடியில் செருகினாள். சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் அடக்கம் முடிந்ததும் பத்திரிகையில் நன்றி சொல்வது ஆர்லிஸ் ஊரில் வழக்கம். சாப்பாடு கொண்டுவந்தவர்களுக்கு, பூ அனுப்பியவர்களுக்கு, சவப்பெட்டி தூக்கியவர்களுக்கு. சொல்லாவிட்டால் பேச்சு வரும்.

"வில்மா இருக்காளா?"

வில்மா டெஷான்ட் உள்ளறையில்தான் இருந்தாள். குரல் கேட்டும் எழுந்து வரவில்லை. ஆர்லிஸ் கூரியர் வாரப் பத்திரிகைக்கு அவள்தான் முதலாளி, ஆசிரியர், படம் எடுப்பவள். புதன்கிழமை கட்டுகளைப் பிக்கப் வண்டியில் ஏற்றிக் கடைகடையாகப் போடுபவளும் அவள்தான். அதற்கு முன்னால் பல வருஷம் மாட்டிறைச்சி ஆலையில் கத்தி பிடித்தாள். வெட்டு வரிசையில் அவளுக்குப் பக்கத்தில் நின்றவள் ஒபேலியா. வில்மாவின் வலது கட்டைவிரல் இன்றைக்கும் முழுதாக மடங்காது. அது அறுபட்ட அன்று, மேஸ்திரி வருமுன் தன் தலைத்துணியை அவிழ்த்துக் கட்டுப்போட்டவள் ஒபேலியாதான்.

ஒபேலியா உள்ளே வந்து நின்றாள். கைப்பையிலிருந்து மடித்த பத்திரிகைத் துண்டு ஒன்றை எடுத்து மேஜைமேல் விரித்தாள். இரண்டு வாரத்துக்கு முந்தைய முதல் பக்கம்.

"இந்தப் படம் முழுசா வேணும் வில்மா."

வில்மா அதைப் பார்க்காமல் ஒபேலியாவின் விரலைப் பார்த்தாள்.

"பாரு, இந்த மேல் மூலைல. இது ரூபனோட பூட்ஸ். இடது கால்ல பச்சை டேப் தெரியுதா? அது வாய் பிளந்துக்கிச்சு, நான்தான் காலைல சுத்தி விட்டேன். புதுசு வாங்கித் தொலையேன்டான்னேன். அறுவடை முடியட்டும்மான்னான்." அவள் குரல் இடறவில்லை. கடைக்காரனிடம் அளவு சொல்கிற குரல். "முழங்காலுக்கு மேல நீ வெட்டிட்டே. வெட்டினது கம்ப்யூட்டருக்குள்ள இருக்குமாமே? பொண்ணு சொன்னா."

"இருக்கும்."

"வீட்ல அவன் பள்ளிக்கூடத்துப் படம்தான் இருக்கு. அதுல மீசைகூட முளைக்கல. இது அவன் கடைசிப் படம். இதுல சிரிச்சிருக்கானா?"

"சிரிச்சிருக்கான்." அது பொய் இல்லை.

"அது போதும் எனக்கு." பத்திரிகைத் துண்டைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள். "நீ போட்டிருந்தியே, அவன் தானாவே தானியக் குதிருக்குள்ள இறங்கினான்னு. நான் தினம் அதையேதான் நெனச்சிட்டிருக்கேன். சாப்பிடறதுக்குக்கூட ரெண்டு தரம் கூப்பிட்டாத்தான் வருவான். எவனும் சொல்லாம அதுக்குள்ள ஏன் போனான்?"

"புதன்கிழமை படத்தை நானே வீட்டுக்குக் கொண்டுவந்து தரேன்," என்றாள் வில்மா.

*

அந்த ஊரில் முதல் லோடு என்பது சின்ன விஷயமில்லை. ஜூன் மாதம் கோதுமை காய்ந்ததும், மாவட்டத்திலேயே முதல் லாரி எந்த ஊர்த் தானியக் கிடங்கில் கொட்டுகிறதோ அந்த ஊர்க்காரன் வருஷம் பூராவும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரியலாம். கொட்டிய விவசாயியின் படம் முதல் பக்கத்தில் வரும். மூன்று வருஷமாக அதைப் பக்கத்து ஊர் மெரிடித்காரர்கள் தட்டிக்கொண்டு போனார்கள். கூடைப்பந்து ஆட்டத்தில் அவர்கள் பிள்ளைகள் அட்டை எழுதிப் பிடித்தன: "எங்க கோதுமைய ரொட்டி சுட்டுத் தின்னாச்சு, உங்களது வந்துடுச்சா?"

இதைத் தாங்கவே முடியாதவர் ராய்ஸ் கிடிங்ஸ். ஆர்லிஸ் தானியக் கிடங்கின் மேலாளர். மாவட்ட ஆட்சிக்குழுவுக்குத் தலைவரும் அவர்தான். ஊர் நீச்சல்குளத்துக்கு அவர் பெயர். மருத்துவமனையை மூட வந்தபோது தலைநகர் வரை ஆட்களைத் திரட்டிக்கொண்டுபோய் நிறுத்தியவர். பனிப்புயலில் டிராக்டர் ஓட்டிப் போய்ப் பிரசவ வலியில் கிடந்தவளை அழைத்து வந்தவர். அவர் முகம் இல்லாத இதழ் கூரியரில் அபூர்வம். அவரைப் பெரிய மனுஷனாக்கியது பாதி அவர் செய்த வேலை. மீதி வில்மாவின் முதல் பக்கம். வில்மாவின் அப்பா ஆயுசு முழுக்க அவரிடம்தான் மண்வாரி பிடித்தார். அப்பா செத்தபோது முதல் ஆளாய் வந்து பெட்டிக்குத் தோள் கொடுத்தவரும் அவரே.

இரண்டு வாரத்துக்கு முந்தைய அந்தச் செவ்வாய்க்கிழமை காலை வில்மாதான் அவருக்குப் போன் செய்தாள். மெரிடித்தில் மறுநாள் அறுவடை இயந்திரத்தை வயலில் இறக்கப்போகிறார்கள் என்று அவளுக்குத் துப்புக் கிடைத்திருந்தது. கூரியரின் பக்கங்கள் செவ்வாய் மதியம் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். தவறினால் அடுத்த வாரம்தான். அதற்குள் மெரிடித் பத்திரிகை முந்திக்கொள்ளும்.

"ராய்ஸ், முதல் பக்கத்தை ரெண்டு மணி வரைக்கும் பிடிச்சு வைக்கிறேன். அதுக்குள்ள ஒரு லாரி கொட்டினா நம்ம படம். இல்லேன்னா இந்த வருஷமும் மெரிடித்துதான், நீங்க தலையில துண்டப் போட்டுட்டுப் போங்க."

"அல்வின் லெய்க்கர் வயல் காஞ்சாச்சு. நேத்தே ஈரம் பார்த்தேன், சரியா இருக்கு. ஆனா கொட்ட எடமில்லம்மா. பின்னாடிக் குதிர்ல போன வருஷத்துக் கோதுமை கட்டிதட்டிக் கெடக்கு."

"அது உங்க பாடு. ரெண்டு மணி."

அவர் சிரித்தார். "கேமராவத் தொடச்சு எடுத்துட்டு வா."

அவள் போனபோது அல்வினின் லாரி கொட்டுகுழிமேல் நின்றது. பின்னால் இரும்புக் குதிரின் அடியில் திருகு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பழைய கோதுமையை இழுத்து இழுத்துக் குழாய் வழியாக வெளியே தள்ளியது. இரைச்சலில் காது அடைத்தது. "அத நிறுத்தக்கூடாதா?" என்று வில்மா கத்தினாள். "நிறுத்தினா எப்படி காலியாகும்? உன் ரெண்டு மணி ஓடுதில்ல!" என்று ராய்ஸ் திருப்பிக் கத்தினார். ரூபன் அரெயானோ கடப்பாரையோடு குதிரின் ஏணியில் ஏறிக்கொண்டிருந்தான். "கீழ வாடா, நீயும் படத்துல நில்லு!" என்றாள். "இந்த மூஞ்சியோடவா? பத்திரிகை விக்காது!" என்று மேலே இருந்து சிரித்தான். உச்சிக்குப் போய்க் குதிரின் வாய்க்குப் பக்கத்தில் நின்று காதில் கையை வைத்துக் கீழே பார்த்தான். ராய்ஸ் ஒரு கையை அல்வின் தோளில் போட்டபடி மறு கையை உயர்த்தினார்.

"இறங்கி மிதிடா! மிதிச்சு உடை! இன்னும் ஒரு லாரிக்கு எடம் வேணும்!"

வில்மா பொத்தானை அமுக்கினாள். அல்வின் கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். அவனுக்கு வேறெதுவும் கேட்கவில்லை. இன்னொரு வேலையாள் ரயில் தண்டவாளப் பக்கம் இருந்தான்.

அந்த நேரத்தில் அவளுக்கு அதில் தப்பாக எதுவும் படவில்லை. மேல் தோல் இறுகி நிற்கும் கோதுமையை மேலே ஏறி மிதித்து உடைப்பார்கள். கீழே திருகு ஓட ஓட மிதிப்பார்கள். தோல் உடைந்தால் சரியும் கோதுமை ஆளையும் சேர்த்து உள்ளே இழுத்துவிடும். கூடாது என்று சுவரில் அட்டை ஒட்டியிருக்கும், இடுப்புப் பட்டையும் கயிறும் ஆணியில் தொங்கும். அறுவடை நேரத்தில் அதையெல்லாம் யார் எடுத்து மாட்டிக்கொண்டிருப்பது? அவள் அப்பா ஆயுசெல்லாம் அப்படித்தான் மிதித்தார். சாகாமல் வீட்டுக்கு வந்ததால் அதற்கு வேலை என்று பேர்.

அலுவலகத்துக்கு ஓடி வந்து பக்கத்தைக் கட்டினாள். இடத்துக்குத் தகுந்தாற்போலப் படத்தின் மேல் பகுதியை வெட்டினாள். ரூபனின் பூட்ஸ் மட்டும் மிஞ்சியது. ராய்ஸின் உயர்ந்த கை மணிக்கட்டோடு நின்றது. பார்க்கிறவர்களுக்கு அவர் மகிழ்ச்சியில் கையைத் தூக்கியதுபோல் இருந்தது. பக்கத்தை அனுப்பிவிட்டு நாற்காலியில் சாய்ந்தபோது தீயணைப்புச் சங்கு ஊதியது. ஏதோ வயலில் நெருப்பு என்று நினைத்தாள்.

ரூபன் கோதுமைக்குள் புதைந்திருந்தான். ஊரே போய்த் தோண்டியது. குதிரின் இரும்பை ரம்பத்தால் அறுத்துத் திறந்தார்கள். ராய்ஸ் வெறுங்கையால் வாரினார், நகம் பெயர்ந்து ரத்தம் கோதுமையில் ஒட்டியது. ரூபனை வெளியே எடுத்தபோது கடப்பாரையை இன்னும் பிடித்திருந்தான். மறுநாள் காலை, துக்கத்தில் இருந்த ஒவ்வொரு வீட்டு அஞ்சல் பெட்டியிலும் அந்தப் படம் வந்து விழுந்தது: அல்வினின் பல், ராய்ஸின் உயர்ந்த கை, மேலே கொட்டை எழுத்தில் "முதல் லோடு நமதே!"

அடுத்த வாரம் ராய்ஸ் சொன்னதை வில்மா அப்படியே தட்டினாள்: அரெயானோ யாரிடமும் சொல்லாமல், பாதுகாப்புப் பட்டை இல்லாமல், தானாகவே குதிருக்குள் இறங்கியதாகக் கிடங்கு மேலாளர் தெரிவித்தார். 'தெரிவித்தார்' என்று முடித்ததில் ஒரு நிம்மதி. சொன்னது அவர், தான் இல்லை. அரசாங்கப் பாதுகாப்பு ஆய்வாளர் வந்து கிடங்கில் இருந்தவர்களை விசாரித்துவிட்டுப் போனார். பத்திரிகைக்காரியை யாரும் கேட்கவில்லை. அவளும் போய்ச் சொல்லவில்லை.

*

ஒபேலியா கடைத்தெருவில் இரண்டு பேரிடம் படத்தைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். மதியச் சாப்பாடு முடிவதற்குள் ராய்ஸ் வந்துவிட்டார். இரண்டு கையிலும் இன்னும் கட்டு இருந்தது. தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வழக்கமாக டாட்டியை ஏதாவது சீண்டாமல் உள்ளே வர மாட்டார். அன்றைக்கு எதுவும் சொல்லவில்லை.

"அந்த முழுப் படத்துல என்ன இருக்கு?"

வில்மா திரையை அவர் பக்கம் திருப்பினாள். அவர் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். தன்னுடைய விரல். விரல் காட்டும் இடம். அங்கே காதில் கையை வைத்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறவன். பின்னால் குழாயிலிருந்து கொட்டிக்கொண்டிருக்கும் கோதுமை.

"என்னைக் கேட்டுட்டுத்தான் இறங்கினான்," என்றார் மெல்ல.

"நீங்க சொல்லித்தான் இறங்கினான்."

"உங்கப்பன எத்தனை தரம் சொல்லியிருப்பேன்? அவனும் இறங்கினான். நானும் சின்ன வயசுல இறங்கினேன்."

"தெரியும்."

"அப்ப என்ன?" அவர் குரல் உயர்ந்து உடனே தணிந்தது. "வில்மா, நான் தூங்கி எத்தன நாளாச்சுன்னு தெரியுமா? சோத்துல கைய வச்சா கோதுமை மாதிரி இருக்கு. நான் தப்பிக்கப் பார்க்கல. கிடங்க யோசி. அத இழுத்து மூடினா இந்த ஊர்ல யாரு மிச்சம்? அம்பது கல் ஓட்டிட்டுப் போய்க் கொட்டுவானா அல்வின்? பள்ளிக்கூடம் நிக்குமா? நீ யாருக்குப் பத்திரிகை போடுவே?"

அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் கஷ்டம்.

"அந்தம்மாவுக்கு என்ன வேணும்? பையன் மூஞ்சி வேணும். குடு. அவன மட்டும் வெட்டிப் பெருசாப் போட்டுக் குடு. நல்ல சட்டம் நான் வாங்கித் தரேன். நானும் கீழ அந்தக் குழாயும் அவளுக்கு எதுக்கு?"

"அவ முழுசாக் கேட்டா."

"முழுசுன்னா பையன் முழுசு!" அவர் எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பினார். "இன்னொண்ணு. மாவட்டம் காசு குடுத்துப் போடற அறிவிப்பெல்லாம் எந்தப் பத்திரிகைக்குன்னு அடுத்த வாரம் ஆட்சிக்குழு முடிவு பண்ணுது. மெரிடித்காரனும் கேட்டிருக்கான். இத மிரட்டல்னு எடுத்துக்காதே."

"வேற எப்படி எடுத்துக்கணும்?"

அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டார். "சரி, மிரட்டல்னே வச்சுக்க. போடறதா இருந்தா ஒழுங்காப் போடு. ரெண்டு மணின்னு யாரு சொன்னதுன்னும் போடு. நானா உனக்குப் போன் பண்ணேன்?"

அவர் போனதும் டாட்டி கதவருகே வந்து எட்டிப் பார்த்தாள். "என்ன சொல்றாரு நீச்சல்குளத்துக்காரர்?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கு இம்புட்டு நேரமா?"

வில்மா திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அன்று மாலைக்குள் ரூபனை மட்டும் தனியாக வெட்டி எடுத்தாள். நன்றாகத்தான் வந்தது. பின்னால் வெறும் வானம். சிரிப்பு, மீசை, காதில் கை. காதில் ஏன் கை வைத்திருக்கிறான் என்று யாரும் கேட்க மாட்டார்கள்; இரைச்சலுக்கு என்று நினைத்துக்கொள்வார்கள். கெட்டித் தாளில் அச்செடுத்து உறையில் போட்டு ஒட்டினாள். ஒபேலியா இதைப் பார்த்து அழுவாள், கட்டிப்பிடித்துக்கொள்வாள், சமையலறையில் மாட்டுவாள். யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை.

*

செவ்வாய்க்கிழமை காலை பக்கங்கள் ஏறக்குறைய முடிந்திருந்தன. முதல் பக்கத்தில் ஆலங்கட்டி மழைச் சேதம், நூலகத்தில் புத்தக விற்பனை. டாட்டி நன்றி அறிவிப்பைத் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டும்போது வாய்விட்டுப் படிப்பது அவள் பழக்கம். எத்தனை தரம் திட்டியும் விட்டதில்லை.

"'சாப்பாடு கொண்டுவந்த எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தேவாலயப் பெண்களுக்கு நன்றி. தீயணைப்புத் தொண்டர்களுக்கு நன்றி. வெறுங்கையால் தோண்டிய திரு. ராய்ஸ் கிடிங்ஸ் அவர்களை நாங்கள் மறக்க மாட்டோம்.' நல்லாத்தான் எழுதியிருக்கா. 'என் மகன் செய்த தவறால்...'" டாட்டியின் விரல் நின்றது.

"படி," என்றாள் வில்மா உள்ளே இருந்து.

"வேணாம்மா."

"படி டாட்டி."

"'என் மகன் செய்த தவறால் நீங்கள் எல்லோரும் உயிரைப் பணயம் வைத்து, உங்கள் அறுவடையை விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று. அவனுக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அவன் கெட்டவன் இல்லை. சொன்ன பேச்சைக் கேட்கிறவன்தான்.'"

வெளியே ஒரு லாரி போய் ஓய்ந்தது.

வில்மா எழுந்து வந்து தாளை வாங்கித் தானே ஒருமுறை படித்தாள். ஒபேலியாவின் கையெழுத்து பெரிதாக, கோட்டை விட்டு இறங்காமல் இருந்தது. இப்படி ஒரு நன்றி அறிவிப்பு இதுவரை இந்தப் பத்திரிகையில் வந்ததில்லை. செத்தவனின் தாய் ஊரிடம் மன்னிப்புக் கேட்கிறாள். அவளைக் கேட்க வைத்தது வில்மா தட்டிய ஒரு வரி. இதையும் கட்டம்போட்டு அச்சில் ஏற்றினால் தீர்ந்தது. ரூபன் தானாகவே இறங்கினான் என்பதற்கு அவன் அம்மாவே சாட்சி.

"இது வராது," என்றாள்.

"இடம் இருக்கே? நான்தான் விட்டு வச்சிருக்கேன்."

"வராது டாட்டி. ஆலங்கட்டிய ரெண்டாம் பக்கத்துக்குத் தள்ளு."

அவள் உட்கார்ந்து முழுப் படத்தை முதல் பக்கத்தில் இறக்கினாள். எதையும் வெட்டவில்லை. அவளுக்கு முன்னால் இந்தப் பத்திரிகையை நடத்திய முதலாளி ஒரே ஒரு விஷயத்தில்தான் அவளை அடித்துச் சொல்லிக்கொடுத்திருந்தார்: படத்தில் தெரிகிற ஒவ்வொரு தலைக்கும் அடியில் பெயர் இருக்க வேண்டும். அப்படியே எழுதினாள்.

"இடமிருந்து வலம்: விவசாயி அல்வின் லெய்க்கர், கிடங்கு மேலாளர் ராய்ஸ் கிடிங்ஸ். மேலே, குதிரின் வாயருகே, ரூபன் அரெயானோ. அப்போது திருகு ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே இறங்கிக் கோதுமையை மிதித்து உடைக்கும்படி கிடிங்ஸ் அவரிடம் சொன்னார். இந்தப் படத்தை எடுத்தவர் அதைக் காதால் கேட்டார். முதல் லோடுப் படத்துக்காகத்தான் அந்த அவசரம். பக்கத்தை இரண்டு மணி வரை பிடித்து வைப்பதாகச் சொல்லி அவசரப்படுத்தியவர் இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் வில்மா டெஷான்ட். அரெயானோ தானாகவே இறங்கினார் என்று சென்ற வாரம் நாங்கள் வெளியிட்டது பொய்."

முதலில் 'தவறு' என்று போட்டிருந்தாள். அடித்துவிட்டுப் 'பொய்' என்று மாற்றினாள்.

டாட்டி தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். அவள் மூச்சு வில்மாவின் கழுத்தில் பட்டது.

"இது போனா மாவட்ட அறிவிப்பு போயிடும்."

"போயிடும்."

"கடைக்காரன்ல பாதிப்பேர் விளம்பரத்த நிறுத்துவான். அல்வின் அழுவான், அவனுக்கு ஒண்ணும் தெரியாது பாவம்."

"தெரியும் டாட்டி."

"எங்கக்கா என்கூடப் பேசமாட்டா. அது ஒண்ணுதான் லாபம்." கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தாள். "அனுப்பு. நீயே அமுக்கு."

அனுப்பிவிட்டு வில்மா அந்தப் பாதுகாப்பு ஆய்வாளரின் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். அவர் இல்லை. பெயரையும் எண்ணையும் இரண்டு தரம் நிதானமாகச் சொல்லிவிட்டு வைத்தாள்.

*

புதன்கிழமை அச்சகத்திலிருந்து கட்டுகளை ஏற்றிக்கொண்டு ஊருக்குள் நுழைந்ததும், வழக்கமான வரிசையை விட்டுவிட்டு நேராக ஒபேலியாவின் வீட்டுக்குப் போனாள். ஊர் எல்லையில், ஆலைக்காரர்கள் இருக்கும் வரிசையில், தகர வீடு. வாசல் படியில் யாரோ கொண்டுவந்து வைத்த பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன. ஒவ்வொன்றிலும் உரியவர் பெயர் எழுதிய ஒட்டுத்தாள். திருப்பிக் கொடுப்பதற்காக.

ஒபேலியா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "கொண்டாந்தியா?"

வில்மா பத்திரிகையைக் கொடுத்தாள். ஒட்டிய உறை வண்டியிலேயே கிடந்தது.

ஒபேலியா படியில் உட்கார்ந்து முதல் பக்கத்தை மடியில் விரித்தாள். ரூபனின் முகத்தை மட்டும் பார்த்தாள். கட்டைவிரலால் அந்த மீசையைத் தடவினாள். மை விரலில் ஒட்டியது. "சிரிக்கிறான்," என்றாள். பிறகு உள்பக்கங்களைப் புரட்டினாள். "என் நன்றி எங்க?"

"போடல."

"ஏன்? ஊர் என்ன நெனைக்கும்?"

"நீ மன்னிப்புக் கேக்க வேண்டியதில்ல ஒபேலியா. படத்துக்குக் கீழ படி."

ஒபேலியா மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தாள். உதட்டை அசைத்து, ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தாள். 'சொன்னார்' என்ற இடத்தில் விரல் நின்றது. அப்புறம் ராய்ஸின் கையைப் பார்த்தாள், அது காட்டும் இடத்தைப் பார்த்தாள். "ராய்ஸ் கூப்பிட்டிருக்கான்," என்றாள். "நான் சொன்னேன்ல? கூப்பிடாம போகமாட்டான்னு சொன்னேன்ல?" அவள் முகத்தில் ஏதோ இறுக்கம் விட்டதுபோல் இருந்தது. விரல் கீழே நகர்ந்தது. மீண்டும் நின்றது.

"ரெண்டு மணி."

வில்மா நின்றுகொண்டிருந்தாள்.

"இது நீயா? நீயா போன் பண்ணினே?"

"நான்தான்."

"படத்துக்கா?"

"படத்துக்குத்தான்."

ஒபேலியா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். ஆலையில் வெட்டு வரிசையில் பல வருஷம் பக்கத்தில் பார்த்த முகம்தான் அது. வில்மாவுக்கு இப்போது அதில் ஒன்றும் புரியவில்லை. ஒபேலியா எழுந்து உள்ளே போனாள். கத்தரிக்கோலோடு வந்தாள். படியிலேயே உட்கார்ந்து படத்தைக் கோணாமல் வெட்டினாள். கீழே இருந்த எழுத்தையும் சேர்த்து, ஒரு வரி விடாமல் வெட்டினாள். வெட்டியதை மடியில் வைத்துக்கொண்டு, நடுவில் ஓட்டை விழுந்த மிச்சப் பத்திரிகையை நான்காக மடித்து வில்மாவிடம் நீட்டினாள்.

"இத எடுத்துட்டுப் போ."

வில்மா வாங்கிக்கொண்டாள்.

"ஒபேலியா..."

"போ வில்மா. வேலையிருக்கு. இந்தப் பாத்திரமெல்லாம் திருப்பிக் குடுக்கணும்."

உள்ளே வா என்று அவள் சொல்லவில்லை. கதவைச் சாத்தவுமில்லை. ஒரு பாத்திரத்தை எடுத்து, காய்ந்திருக்கிறதா என்று உள்ளே விரல்விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வில்மா வண்டியில் ஏறினாள். ஓட்டை விழுந்த பத்திரிகையை உறையின்மேல் வைத்தாள். பக்கத்து இருக்கையில் தனியாக ஒரு கட்டு இருந்தது. தானியக் கிடங்கின் கட்டு. ஒவ்வொரு புதன்கிழமையும் தராசு அறையின் மேஜைமேல் போடுவாள்; லாரிக்காரர்கள் எடுத்துப் படிப்பார்கள், ராய்ஸ் தன் பிரதியைத் தானே வந்து எடுத்துக்கொள்வார்.

அறுவடை முடிகிற நேரம். கிடங்கு வாசலில் லாரிகள் இன்னும் வரிசையில் நின்றன. அறுத்த குதிருக்குப் புது இரும்பு அடித்திருந்தார்கள். அந்த இடம் மட்டும் பளபளத்தது. வில்மா வண்டியை நிறுத்தி, கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு, லாரிகளுக்கு நடுவே உள்ளே நடந்தாள்.